லஸ்கர் மாமாவின் நெட்டைப் படம்

மாமா,

இன்று காலை ஒரு புது ப்ராஜெக்ட் திறந்தேன். கல்லூரி திறப்பதற்குள் மூன்று நிமிடக் கதை ஒன்றைக் கட்டம் கட்டமாக வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஸ்டோரிபோர்டு சாஃப்ட்வேர் வழக்கம்போல உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி விசாரித்தது. ப்ராஜெக்டுக்குப் பெயர் என்ன, படம் என்ன அளவு, செகண்டுக்கு எத்தனை ஃபிரேம், ஒரு கட்டம் எத்தனை நேரம் நிற்கவேண்டும். அளவு என்ற இடத்தை அமுக்கினால் ஒரு பட்டியல் இறங்கும். சினிமா அளவு, டிவி அளவு, சதுரம் என்று போய், எல்லாவற்றுக்கும் கீழே கம்பெனிக்காரன் வைக்காத ஒன்று இருந்தது.

"ஷட்டர் - மாத்தாதே."

நீங்கள் ஒற்றை விரலால் தட்டி வைத்த பெயர். அந்த "மாத்தாதே" மட்டும் நாலு நிமிடம் ஆனது. துணையெழுத்தைத் தேடி விசைப்பலகையின் மேல் உங்கள் விரல் பருந்து மாதிரி வட்டமடித்ததை நினைத்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"யாருகூடடி சிரிக்கிற?"

"மாமாகூட."

கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "என்னவாம் எங்கண்ணனுக்கு?" என்றாள்.

என்னவாம் என்று எனக்கும் தெரியவில்லை. அதனால் கல்லூரி வேலையை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததே பெரிய விஷயம் என்று நீங்கள் சொல்வீர்கள்.

போன வருஷம் வைகாசியில், நான் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று காத்திருந்த நாட்களில், சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வந்தீர்கள். தோளில் துண்டு, சட்டைப் பையில் ஷட்டர் சாவி. மூன்று கண் மதகுக்கு நீங்கள்தான் லஸ்கர். ஷட்டர் கதவை எத்தனை அங்குலம் ஏற்றுவது, எத்தனை அங்குலம் இறக்குவது என்று மேலிடத்து உத்தரவு வரும். சக்கரத்தைச் சுற்றுவது உங்கள் கை. முப்பது வருஷமாகச் சுற்றிச் சுற்றி வலது தோள் இடது தோளைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். "மாமா, தையக்காரர் உங்களுக்கு ரெண்டு ஆளுக்கு அளவெடுக்கணும்" என்று நான் கேலி செய்தால், "உன் வாய்க்கு எத்தன ஆளுக்கு எடுக்கிறதாம்" என்பீர்கள்.

அன்றைக்கு அந்த விளையாட்டெல்லாம் இல்லை. நேராக விஷயத்துக்கு வந்தீர்கள்.

"ஏ வாலு, நீ அந்த லேப்டாப்புல பொம்ம வரையிறியே, அத ஓட வைக்க முடியுமா?"

"ஓட வைக்கலாம், ஆட வைக்கலாம், உங்கள மாதிரி சைக்கிள்ல ஒருக்களிச்சு ஏற வைக்கலாம். எதுக்கு?"

"பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு. தண்ணி வர்றதுக்குள்ள."

எதற்கு என்று அதற்கு மேல் நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்திய வருஷம் முதல் தண்ணீர் வந்த அன்று, மதகுக்கு மேல்பக்கம் குதித்த ஒரு பையனைத் தண்ணீர் ஷட்டருக்குக் கீழே இழுத்துக்கொண்டது. நீங்கள் சக்கரத்தை விட்டுவிட்டு உடுப்போடு குதித்தீர்கள். அவன் கால்சட்டை நாடா உங்கள் கையில் அகப்பட்டதால் பிழைத்தான். நாடா மட்டும் அறுந்திருந்தால் என்று நீங்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆனால் அதன்பிறகு வாய்க்கால் கரையில் எந்தப் பையனைப் பார்த்தாலும் முதலில் அவன் இடுப்பைத்தான் பார்ப்பீர்கள்.

"போர்டுதான் வச்சிருக்கே, 'குளிக்கக் கூடாது'ன்னு."

"அதுலதான் சட்டைய மாட்டிட்டுக் குதிக்கிறானுவ."

அப்படித்தான் நாம் இருவரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். என் அண்ணன் சென்னைக்குப் போகும்போது விட்டுப்போன லேப்டாப். மூடியைப் பின்னால் முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும். நான் புது ப்ராஜெக்ட் திறந்தேன். கேள்விப் பெட்டி வந்தது. "எடுத்தவுடனே எல்லாத்தையும் கேக்குதே, தாலுகா ஆபீஸ்ல வேல பாத்ததா இது?" என்று கேட்டீர்கள்.

பெயர் என்ற இடத்தில் மதகு இருக்கும் மைல் கல் எண்ணைச் சொன்னீர்கள். "மாமா, இது படம். படத்துக்கு மைல் கல் பேரு வச்சா எவன் வருவான்?" என்றேன். "வர்றவன் வழி தவறாம வருவான்" என்றீர்கள். மைல் கல்லே பெயராகிவிட்டது.

அடுத்தது ஃபிரேம். செகண்டுக்கு இருபத்திநாலு என்று இருந்தது. அது என்ன என்று கேட்டீர்கள். இந்த மாதிரி இடத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது என்று உங்களுக்கே தெரியும்.

"ஒரு செகண்டுக்கு இருபத்திநாலு படம் மாமா. நம்ம படம் ரெண்டு நிமிஷம். நீங்க ரெண்டாயிரத்து எண்ணூத்தி எம்பது படம் வரையணும். நான் கலர் அடிக்கிறேன்."

எழுந்துபோய்ச் சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தீர்கள். திரும்பி வந்து, "தண்ணி வர்ற வரைக்கும் பத்திருபது நாளு இருக்கு. ஒரு நாளைக்கு எத்தன வருது?" என்று கேட்டீர்களே, அங்கேதான் நான் தோற்றேன். பயந்து ஓடுவீர்கள் என்று பார்த்தால் பங்கு பிரிக்கிறீர்கள். உண்மையைச் சொன்னேன். முழுசாக ஆட வைக்க வேண்டாம், கட்டம் கட்டமாக நாற்பது படம் போதும், ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் நிற்கும், பார்க்கிறவனுக்குக் கதை புரிந்துவிடும் என்று. துண்டால் என் தலையில் ஒன்று போட்டீர்கள்.

ஒரு கட்டம் எத்தனை நேரம் நிற்கவேண்டும் என்பதற்கு மூன்று செகண்டு வைத்தேன். ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் அது பத்தாது என்றீர்கள். பையன் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட கட்டம். "அது மூச்சுப் பிடிக்கிற நேரம் நிக்கணும்." எவ்வளவு என்று பார்க்க நீங்களே மூச்சைப் பிடித்தீர்கள். நான் போனில் நேரம் பார்த்தேன். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முப்பத்தோரு செகண்டு. "மாமா, பட்டனை அமுக்க மறந்துட்டேன்" என்று சொல்லி இன்னொரு தடவையும் பிடிக்க வைத்தேன். இரண்டாவது தடவை முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னீர்கள்.

"இது சும்மா உக்காந்திருக்கிறவன் மூச்சு. பயந்தவன் மூச்சு இதுல பாதிதான். பதினஞ்சு வையி."

நான் பதினைந்து வைத்தேன். அதற்கு மேல் கேலி வரவில்லை.

கடைசியாக அளவு. டிவி அளவு, அகலவாட்டில், அதுதான் முறை என்று நான் அதை அமுக்கப் போனேன். நீங்கள் கையைத் தடுத்தீர்கள்.

"நெட்டுக்கா வையி."

"நெட்டுக்கா வச்சா கல்யாண வீட்ல எவனோ போன்ல எடுத்த மாதிரி இருக்கும் மாமா."

"ஷட்டர் எப்படி இருக்கு? நெட்டுக்காதான இருக்கு. பாதிக்குத் தண்ணி. மேல் பாதிய எல்லாரும்தான் பாக்குறானே. கீழ் பாதிய நான் ஒருத்தன்தான் பாத்திருக்கேன்."

ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினீர்கள். மதகுக்குக் கீழ்ப்பக்கம் தண்ணீர் நுரைத்துக் கொதிக்கும். அதைப் பார்த்தாலே பயம் வரும், அங்கே எவனும் குதிக்கமாட்டான். மேல்பக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அடியில், ஷட்டர் தூக்கியிருக்கும் அந்த ஒரு சாண் சந்து வழியாகத்தான் மொத்தத் தண்ணீரும் போகிறது. குதித்தவனையும் அது அந்தச் சாண் சந்துக்குத்தான் கூட்டிப்போகும். இது ஒரே கட்டத்தில் தெரியவேண்டும் என்றால் படம் நெட்டையாகத்தான் இருக்கவேண்டும்.

நெட்டையாகவே வைத்தேன். பதினோரு நாள் வரைந்தோம். நாற்பத்திரண்டு கட்டம். கோடு என்னுடையது, குறை சொல்வது உங்களுடையது. "பையன் தல இவ்ளோ பெருசா இருந்தா சந்துக்குள்ள எப்படிப் போவான்?" "தண்ணி இந்தப் பக்கமா போகுது, நீ கர்நாடகாவுக்கே திருப்பி விடுற." கடைசிக் கட்டத்தில் அடியில், தண்ணீருக்குள், பெரிய எழுத்தில் "இங்கே குதிக்காதே" என்று எழுதினோம். மேலே எழுதினால் அது இன்னொரு போர்டு, அதிலும் சட்டையை மாட்டுவான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

இனி வருவது நான் செய்தது.

பள்ளிக்கூடத்தில் போடுவதற்கு முந்திய நாள் சாயங்காலம். கல்லணை திறந்தாயிற்று, நாலு நாளில் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று உங்களுக்குப் போன் வந்திருந்தது. நீங்கள் ஷட்டருக்கு கிரீஸ் போடப் போய்விட்டீர்கள். நான் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டர் அகலவாட்டில் அடிக்கும். நம் நெட்டைப் படம் நடுவில் ஒரு துண்டாக நிற்கும், இரண்டு பக்கமும் கறுப்பு. அத்தனை பேர் முன்னால் என் முதல் படம் அப்படி ஒரு நாடாவாகத் தொங்குவதை என்னால் தாங்க முடியவில்லை. ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் திறந்தேன், டிவி அளவுக்கு மாற்றினேன். படம் பெரிதாக விரிந்தது. தலைகள் வெட்டுப்பட்டன. நாற்பத்திரண்டையும் மொத்தமாகப் பிடித்துக் கீழே இறக்கினேன். தலைகள் வந்துவிட்டன. முதல் நாலு கட்டம் பார்த்தேன், பையன்கள் சைக்கிளில் வருகிறார்கள், சினிமா மாதிரி இருந்தது. மாமா முகம் நாளைக்கு எப்படிப் போகும் பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே வீடியோவாக மாற்றிப் போட்டுவிட்டு இரண்டாவது மாம்பழத்தை எடுத்தேன். மேலே தலை வந்தால் கீழே எது போகும் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் வகுப்பறை ஜன்னல்களில் நெல் மூடுகிற தார்ப்பாயைக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். அறுபது பிள்ளைகள். பெரிய டீச்சர் நாற்காலியில். நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை சீவி, சுவரோரம் நின்றீர்கள். ஓடியது. பையன்கள் சைக்கிளில் வந்தார்கள். மதகில் ஏறினார்கள். குதித்தார்கள். அவ்வளவுதான். தண்ணீருக்குக் கீழே இருந்த எல்லாம் திரைக்குக் கீழே போய்விட்டது. மாட்டிக்கொண்டவனின் பதினைந்து செகண்டு, அமைதியான நீலத் தண்ணீராக, வெயில் பளபளக்க, அழகாக நின்றது. "இங்கே குதிக்காதே" எங்கேயும் இல்லை.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐந்தாம் வகுப்பு கபிலன், ஊரில் குதிப்பதற்கெல்லாம் அவன்தான் தலைவன், எழுந்து நின்றே கேட்டான்.

"லஸ்கர் மாமா, தண்ணி எப்ப வருது?"

பெரிய டீச்சர் உங்களைப் பார்த்தார். "குதிக்காதீங்கன்னு சொல்ற படம்னு சொன்னீங்க. இவனுங்க இன்னைக்கே டவுசரோட தயாராயிட்டானுங்க."

நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தீர்கள். கொஞ்சம் மெதுவாகச் சொன்னீர்கள்.

"செட்டிங்ஸ் தானா மாறிருக்கு டீச்சர். இன்னொரு தடவ சரியா போட்டுடுறோம்."

அந்த "தானா" எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். யாராவது திருட்டுத்தனமாக ஷட்டரைத் தூக்கித் தன் வயலுக்குத் தண்ணீர் விட்டால் நீங்கள் பெயர் சொல்லிக் கத்தியதில்லை. பழைய மட்டத்துக்கு இறக்கி வைத்துவிட்டு டீக்கடையில் பொதுவாகச் சொல்வீர்கள், "நேத்து ரெண்டாங் கண்ணு தானா நாலு விரக்கட ஏறிருக்கு, காத்து பலமா அடிச்சிருக்கும்போல." பொழுது சாய்வதற்குள் தூக்கியவன் தானாக வந்து உங்கள் சைக்கிள் பக்கத்தில் நிற்பான். எனக்கும் வந்து நிற்கவேண்டும் போலத்தான் இருந்தது. கால் வரவில்லை.

பெரிய டீச்சர் இன்னொரு தடவை முடியாது என்றுவிட்டார். "ஒரு தடவ போட்டதுக்கே இப்படி. மறுபடி போட்டா ஷட்டர் மேல ஏறி டிக்கெட் கேப்பானுங்க." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தண்ணீர் வர மூன்று நாள். அறுபது பிள்ளைகள் மதகில் குதிப்பது ஜாலி என்று படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதை வரைந்தது நான்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் ப்ராஜெக்ட் செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னீர்கள். "கீழ வரஞ்சதெல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டபோது உங்கள் குரல் சரியில்லை. போகவில்லை மாமா, கட்டத்துக்கு வெளியே மறைந்துதான் இருக்கிறது என்று சொல்லி, அளவைத் திரும்ப நெட்டையாக்கி, எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். ஷட்டர் ஏறுகிற மாதிரி அடிப்பாதி மெல்ல மெல்ல வந்தது. சந்து வந்தது. பையன் வந்தான். "இங்கே குதிக்காதே" வந்தது. நீங்கள் மூச்சு விட்டீர்கள். பிறகு இந்த அளவை இதற்குள்ளேயே எழுதிவைக்க முடியுமா என்று கேட்டு, பருந்து வட்டமடிக்க, அந்தப் பெயரைத் தட்டினீர்கள். தட்டும்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

பள்ளிக்கூடம் இல்லையென்றால் வேறு எங்கே? உங்கள் வீட்டுக் கூடத்தில் என்று முடிவானது. டிவி இருக்கிறது. ஆனால் அதுவும் அகலவாட்டில். அப்போதுதான் நான் உருப்படியாக ஒன்று சொன்னேன். "மாமா, படத்தத் திருப்ப வேண்டாம். டிவியத் திருப்பிடுவோம்." பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் லேப்டாப்பை டிவியோடு சேர்க்கிற ஒயர் வாங்கிவந்தேன். சுவரிலிருந்து டிவியைக் கழற்றி, இரண்டு நெல் மூட்டைக்கு நடுவில் செங்குத்தாகச் செருகினோம். லேப்டாப்பிலும் திரையைச் செங்குத்தாக மாற்றி வைத்தேன். டிவி ஓடுகிறதா என்று பார்க்கச் சேனலைப் போட்டபோதுதான் அத்தை உள்ளே வந்தாள். சீரியல் நேரம்.

"என்னங்க இது, மாமியாரும் மருமவளும் படுத்துக்கிட்டே சண்ட போடுறாளுவ."

"நீயும் படுத்துக்கிட்டுப் பாரு. சமமா தெரியும்."

அத்தை நிஜமாகவே பாயை விரித்துப் படுத்துப் பார்த்தாள். விளம்பரம் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிட்டோம். அத்தை சுண்டல் செய்தாள், அதற்காகவே பாதிப் பேர் வந்தார்கள். கபிலன் முதல் வரிசை. "பாத்த படந்தான" என்றான் அலட்சியமாக. "பாதி பாத்த படம்" என்றீர்கள். ஓடியது. சைக்கிள், மதகு, குதித்தல். கைதட்ட ஒருவன் கையைத் தூக்கினான். அப்போது அடிப்பாதி தெரிந்தது. அந்தக் கட்டம் வந்ததும் நீங்கள் ஒன்றே ஒன்று சொன்னீர்கள். "அவன் மூச்சுப் பிடிச்சிருக்கான். நீங்களும் பிடிங்கடா."

முப்பது பிள்ளைகள் மூச்சைப் பிடித்தார்கள். கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும். ஏழு செகண்டில் சின்னதுகள் விட்டுவிட்டன. பத்தில் இன்னும் சில. கபிலன் கன்னத்தை உப்பிக்கொண்டு பதினைந்தையும் தாண்டிவிட்டு வெற்றியோடு திரும்பிப் பார்த்தான். திரையில் படம் மாறியிருந்தது. பையன் இன்னும் சந்தில்தான் இருந்தான். கபிலனின் முகம் மெல்ல மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். யாரும் கைதட்டவில்லை. சுண்டல்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்கள்.

அது போதுமா என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. படத்துக்கு முன்னால் அழுகிறவன் எல்லாம் வெளியே போய்ச் சிரிக்கிறவன்தானே.

தண்ணீர் வந்த அன்று ஊரே மதகில் நின்றது. பெண்கள் பூவும் நெல்லும் தூவினார்கள். காய்ந்து வெடித்த வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு அது வந்து ஷட்டரில் முட்டி ஏறியது. நீங்கள் சக்கரத்தைச் சுற்றி ஒரு சாண் தூக்கினீர்கள். கீழ்ப்பக்கம் கொதித்தது, மேல்பக்கம் அசையாமல் கிடந்தது. அப்போது கபிலன் சட்டையைக் கழற்றினான். போர்டில் மாட்டினான். மதகின் மேல் ஏறி நின்றான்.

நான் கத்த வாயெடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உங்களைக் கேட்டான். "மாமா, இதுக்குக் கீழதான அது?"

"ஆமாடா தம்பி."

கீழே கிடந்த ஒரு தென்னை மட்டைத் துண்டை எடுத்து மேல்பக்கம் வீசினான். அது சும்மா மிதந்து வந்தது. ஷட்டரை ஒட்டி நின்றது. இரண்டு சுற்றுச் சுற்றியது. குத்திட்டு நின்று, யாரோ அடியிலிருந்து இழுத்த மாதிரி உள்ளே போனது. கபிலன் சத்தமாக எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. மற்ற பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். பதினொன்றில் அந்தப் பக்கம் நுரைக்குள்ளிருந்து வெளியே வந்தது, நடுவில் கிழிந்து. கபிலன் எண்ணுவதை நிறுத்தினான். போர்டிலிருந்து சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மதகுக்குத் தாழத் தள்ளி, எல்லாரும் குளிக்கிற படித்துறையைப் பார்த்து நடந்தான். போகிறபோது பின்னால் நின்ற தம்பியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மற்றவர்களும் போனார்கள்.

நீங்கள் என் கையை விட்டீர்கள். அதன்பிறகுதான் எனக்குக் கால் வந்தது.

"மாமா, செட்டிங்ஸ் தானா மாறல."

"அப்படியா?"

"நான்தான் மாத்துனேன்."

"ஷட்டரத் தூக்குறவன் தண்ணிக்குத் தூக்குறான். நீ எதுக்குத் தூக்குன?"

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றுதான் இருந்தது. "அழகா தெரியணும்னு."

"எது?"

"நான்."

நீங்கள் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தீர்கள். பெரிய தோளும் சின்னத் தோளும் தனித்தனியாகக் குலுங்கின. "சும்மா சொல்லக்கூடாது, பெருசா அழகாத்தான் இருந்துச்சு" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "பெரிய டீச்சர்ட்டயும் போய்ச் சொல்லிடு பாப்பா. நான் பொய் சொன்னவனா நிக்கிறேன்" என்றீர்கள். போய்ச் சொன்னேன். அவர் பத்து நிமிடம் திட்டிவிட்டு வீடியோவை அனுப்பச் சொன்னார். நாலு ஊர்த் தாய்மார்கள் வாட்ஸ்அப்பில் அது சுற்றியது. போனை நிமிர்த்திப் பிடித்தால் முழுத் திரைக்கும் சரியாக வருகிறதே, இதை முன்கூட்டியே யோசித்துத்தான் நெட்டையாக வைத்தீர்களா என்று பெரிய டீச்சர் கேட்டாராம். நீங்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டீர்களாம். ஒரு பொய்யைத் தீர்க்கப் போன இடத்தில் இன்னொன்று.

தை மாதம் பொங்கல் முடிந்த மறுவாரம், டீக்கடையில் சைக்கிளை நிறுத்தி உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. டீ வருவதற்குள் என்றார்கள். அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன். அத்தை நன்றாக இருக்கிறாள். டிவி பழையபடி சுவருக்குப் போய்விட்டது. ஆணி மட்டும் கொஞ்சம் சரிந்து, எல்லாரும் லேசாகச் சாய்ந்து நின்று சண்டை போடுகிறார்கள்.

நேற்றுத் தண்ணீர் வந்தது மாமா. புது லஸ்கர் சின்ன வயசுக்காரர், பைக்கில் வருகிறார், இரண்டு தோளும் ஒரே அளவு. நான் காலையிலேயே போய் மதகில் நின்றதைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். "பழைய லஸ்கரோட மருமக" என்றேன். அதற்குமேல் கேட்காமல் நிற்க இடம் விட்டார். நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்பீர்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. தண்ணீரை அல்ல. நானும் எண்ணினேன். படித்துறையில் பதினேழு தலை. ஒன்று முங்கும்போது பதினாறாகும், எழும்வரை என் மூச்சு என்னிடம் இருக்காது, மறுபடி பதினேழாகும். மதகின் மேல்பக்கம் ஒருவரும் இல்லை. மத்தியானம் கடைசிப் பையன் தலை துவட்டிக் கரையேறும்வரை எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருஷம் கல்லூரி திறந்திருந்தாலும் லீவு போட்டுவிட்டு வருவேன், அம்மாவிடம் நீங்களே எப்படியாவது சொல்லிவையுங்கள்.

எண்ணுகிற மும்முரத்தில் கரையில் கழற்றிப் போட்ட என் செருப்பைப் பார்க்கவில்லை. பதினேழில் எவனோ ஒருத்தன் இடதுகால் செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டான். எவன் என்று கேட்டேன், பதினேழு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இந்நேரம் அது நாலு மதகு தாண்டிக் கடைமடைக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். இன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போய்ப் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று இருக்கிறேன், நேற்று என் செருப்பு தானா தண்ணிக்குள்ள இறங்கிருச்சு என்று.

உங்கள்
வாலு